மாட்டர்ஹார்ன், ஹோர்ன்லி முகடு: உடல்வலு மட்டும் போதுமா?

தென்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஆல்ப்ஸ் மலைகளில் நீண்ட நடைப்பயணம் போவது வழக்கம். ஒரே நாளில் 1,500 மீட்டர் உயரம் ஏறி இறங்குவது எனக்குப் பெரிய சிரமமாக இருப்பதில்லை. இரும்பு வடமும் ஏணிப்படிகளும் பதித்த பாறைவழிகளிலும் ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் கயிற்றில் இன்னொருவரோடு இணைந்து பாறை ஏறியதில்லை. காலணியில் கிராம்பன் எனும் பனிமுட்களை மாட்டி நடந்ததும் மிகக் குறைவுதான்.

அடுத்த ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குச் சென்று, ஹோர்ன்லி முகட்டின் வழியாக, இத்தாலி எல்லையில் நிற்கும் மாட்டர்ஹார்ன் உச்சியை அடைய வேண்டும் என்று ஆசை. படித்துப் பார்த்ததில் குழப்பமே மிஞ்சியது. அவ்வழியின் பாறை பெரும்பாலும் மூன்றாம் நிலைக் கடினத்தைத் தாண்டாது என்கிறார்கள். பாறையேற்றம் பயில்பவர்கள் முதல் வாரத்திலேயே ஏறிவிடும் நிலை அது. அதே மலையில் 1865 முதல் இன்றுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள் என்றும் அதே பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும்? வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் என்னைப் போன்றவர் ஏற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

பாறைப்பல்லி எழுதியது:

தென்காற்று, இரண்டும் உண்மைதான், இரண்டும் ஒத்துப்போகவும் செய்யும். கடினநிலை என்பது வழியிலுள்ள மிகக் கடினமான சில அடிகளைப் பற்றியது மட்டுமே. அத்தகைய அடிகளும் அவற்றைவிடச் சற்றே எளிதான அடிகளும் எத்தனை மணிநேரம் இடைவிடாமல் தொடரும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

ஹோர்ன்லி விடுதி 3,260 மீட்டரில் இருக்கிறது, உச்சி 4,478 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்ட 1,218 மீட்டர் முழுவதும் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய பாறை. மேலே போகப்போகப் பனியும் சேர்ந்துகொள்ளும். நன்றாக ஏறுகிறவர்கள் நான்கு முதல் ஐந்து மணிநேரத்தில் உச்சியை அடைவார்கள். இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும் என்பதுதான் நடைப்பயணம் செய்கிறவர்களுக்கு நம்பக் கடினமான செய்தி. நடைபாதையில் இறக்கம் ஏற்றத்தின் பாதி நேரத்தில் முடிந்துவிடும், இங்கே அப்படியில்லை. ஏறும்போது கண்ணெதிரே இருந்த பிடிகள், இறங்கும்போது காலுக்குக் கீழே மறைந்துவிடுகின்றன. காலைத் தொங்கவிட்டுத் துழாவித்தான் ஒவ்வொரு படியையும் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஒருவர் ஏறத் தகுதியானவரா என்பதை முடிவு செய்வது வேகம்தான். வேகம் என்று நான் சொல்வது ஓடுவதை அல்ல. இரண்டாம், மூன்றாம் நிலைப் பாறையில் தயங்காமல், பிடியைத் தேடி நிற்காமல், மூச்சு வாங்காமல், மணிக்கு 250 முதல் 300 மீட்டர் உயரம் என்ற கணக்கில் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருப்பது. பாறையில் கால் பழகாதவருக்கு எவ்வளவு உடல்வலு இருந்தாலும் இது வராது.

மாலைவெயில் எழுதியது:

பல்லியார் இறக்கத்தைப் பற்றிச் சொன்னதற்கு இம்மலையின் முதல் ஏற்றமே சான்று என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அக்கதை பலருக்கும் கயிறு அறுந்த கதையாக மட்டுமே தெரியும்.

1865 ஜூலை 14 அன்று எழுவர் உச்சியை அடைந்தார்கள். எட்வர்டு விம்பர், சார்லஸ் ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, டக்ளஸ் ஹேடோ ஆகிய நான்கு பிரித்தானியர்கள். ஷாமோனியைச் சேர்ந்த வழிகாட்டி மிஷெல் குரோ. செர்மாட்டைச் சேர்ந்த பீட்டர் டௌக்வால்டர் என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும். ஹேடோவுக்கு வயது 19, உயர்மலை அனுபவம் மிகவும் சொற்பம். ஆனாலும் அவர் உச்சி வரை ஏறிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். துணையோடு ஏறிவிட முடிந்தது. சிக்கல் இறங்கும்போதுதான் வந்தது.

இறங்குகையில் ஏழு பேரும் ஒரே தொடராகக் கயிற்றால் இணைந்திருந்தார்கள். முதலில் குரோ, அடுத்து ஹேடோ, பிறகு ஹட்சன், டக்ளஸ், மூத்த டௌக்வால்டர், விம்பர், கடைசியில் இளைய டௌக்வால்டர். ஹேடோவின் கால்களைக் குரோ தம் கையால் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்துக்கொண்டிருந்தார். அவர் தம் அடுத்த அடியை எடுத்து வைக்கத் திரும்பிய வேளையில் ஹேடோ வழுக்கி அவர்மேல் விழ, அவ்விருவரின் எடையும் ஹட்சனையும் டக்ளஸையும் இழுத்துக்கொண்டு போனது. மேலே நின்ற மூவரும் பாறையைப் பற்றிக்கொண்டு தாங்கினார்கள். டக்ளஸுக்கும் மூத்த டௌக்வால்டருக்கும் இடையே இருந்த கயிறு அறுந்தது. நால்வரும் வடமுகத்தின் வழியே 1,200 மீட்டர் கீழேயுள்ள பனியாற்றில் விழுந்தார்கள். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறுந்தது அவர்கள் கொண்டுபோன கயிறுகளிலேயே மெலிந்ததும் பழையதுமான கயிறு. மூத்த டௌக்வால்டர் கத்தியால் அறுத்தார் என்று புரளி கிளம்பியது. விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ந்த பிறகும் அந்தப் பழி அவரை விடவில்லை. அந்தக் கயிற்றின் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கயிற்றைவிட அன்று அவர்கள் நின்ற வரிசைதான் அதிகம் பேசப்பட வேண்டியது. குழுவின் மிகத் திறமையான ஏறுநர் கீழே முதலில் நிற்க, மிகப் பலவீனமானவர் அவருக்கு நேர்மேலே நின்றார். பலவீனமானவர் விழுந்தால் தாங்க வேண்டியவரே முதலில் அடிபடும் வரிசை அது. இன்று வழிகாட்டி இறங்கும்போது எப்போதும் மேலே நிற்பார், நீங்கள் கீழே முன்னால் போவீர்கள். நீங்கள் வழுக்கினால் கயிறு உடனே இறுகும்.

தனிவழி எழுதியது:

எல்லாரும் வழிகாட்டியை அமர்த்துவது முடிவாகிவிட்டதைப் போலவே பேசுகிறீர்கள். ஹோர்ன்லியில் ஒரு வழிகாட்டி ஒரே ஒருவரைத்தான் கூட்டிச் செல்வார். கட்டணம் 1,500 சுவிஸ் பிராங்குக்கு மேல் போகும், விடுதிச் செலவு தனி. பணம் ஒருபுறம் இருக்கட்டும். முகட்டின் மேற்பகுதியில், தோள்பட்டை எனப்படும் இடத்துக்கு மேலே கைத்தடிமன் கயிறுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இன்னொருவர் தீர்மானித்த வழியில், இன்னொருவர் கட்டிய முடிச்சை நம்பி மேலே போவதை மலையேற்றம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு மூன்று ஆண்டுகள் பாறை பயின்று, சமமான தோழர் ஒருவரோடு சொந்தப் பொறுப்பில் போவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. 1931-இல் ஃபிரான்ஸ், டோனி என்ற ஷ்மிட் சகோதரர்கள் மியூனிக்கிலிருந்து சைக்கிளில் வந்து வடமுகத்தையே முதன்முதலாக ஏறித் திரும்பினார்கள்.

பாறைப்பல்லி எழுதியது:

தனிவழி, இரண்டு மூன்று ஆண்டுகள் பயின்று போவது என்பதில் எனக்கு உங்களோடு எந்த வேறுபாடும் இல்லை. யாராலும் அப்படி முடியுமானால் அதுவே சிறந்தது. ஆனால் வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்கு அந்த முகட்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கீழிருந்து பார்த்தால் ஹோர்ன்லி கத்தி முனைபோல ஒரே கோடாகத் தெரியும். வழி அந்தக் கோட்டின்மேல் போவதில்லை. கீழ்ப்பாதியில் பெரும்பாலும் முகட்டுக்குச் சற்று இடப்பக்கமாக, கிழக்குச் சரிவின் ஓரமாக ஏறி, ஆங்காங்கே முகட்டைத் தொட்டு மீள்கிறது. எங்கு பார்த்தாலும் கால்தடம் போன்ற தோற்றம் உண்டு. அவற்றில் பாதி, தவறிப் போனவர்கள் உண்டாக்கிய தடங்கள். இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், இரண்டு மீட்டர் இடதுபுறம் கூடுதலாகப் போய்விட்டால் உதிரிக் கற்கள் நிறைந்த சரிவில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே நீங்கள் மிதித்து உருளும் கல் உங்களுக்குக் கீழே வருபவர் தலையில் விழும். வழிகாட்டிகள் இவ்வழியை ஒவ்வொரு கல்லாக அறிந்தவர்கள். வழிகாட்டியோடு போகிறவர் விடுதிக்குத் திரும்பி மதிய உணவு உண்ணும் நேரத்தில், அதே அளவு திறமையுள்ள, வழி அறியாத இருவர் இன்னும் பாதிவழியில் உள்ள சோல்வே அவசரக் குடிலுக்கு மேலே கயிறு இறக்கிக்கொண்டிருப்பதை ஒவ்வொரு கோடையிலும் காணலாம்.

கயிறு இறக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமவெளிப் பாறைகளில் பயின்றவர்கள், செங்குத்தான இடம் வந்ததும் நங்கூரம் அமைத்து, கயிற்றை இரட்டையாக்கி, ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது கால் மணிநேரம் போய்விடும். உதிரிப் பாறையில் கயிறு சிக்கினால் இன்னும் கூடும். இதையே பதினைந்து இடங்களில் செய்தால் பொழுது சாய்ந்துவிடும். ஹோர்ன்லிக்கு வேண்டிய பயிற்சி வேறு வகையானது. இருவரும் குட்டையான கயிற்றில் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டே, பாறைக் கொம்புகளிலும் வழியில் நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களிலும் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் போவது. இது கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் பாறையேற்றக் கூடத்தில் கற்க முடியாது.

தனிவழி எழுதியது:

வழிதேடும் சிக்கலைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தடிக்கயிறுகளைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

கருங்கல் எழுதியது:

நிலவியல் படித்தவள் என்பதால் பாறையைப் பற்றி என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். 1865-க்கு முன் கிழக்குப் பக்கம் ஏற முடியாததாகக் கருதப்பட்டது. செர்மாட்டிலிருந்து நேரெதிரே பார்க்கும்போது அது செங்குத்துச் சுவராகத் தெரியும். விம்பர் முதலான பலரும் ஆண்டுக்கணக்கில் இத்தாலியப் பக்கத்திலேயே முயன்று தோற்றார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கிழக்குச் சரிவின் சாய்வு சராசரியாக 40 பாகை அளவுதான். அதைவிட முக்கியமாக, பாறையடுக்குகள் சாய்ந்திருக்கும் திசை அந்தப் பக்கத்தில் ஏறுகிறவருக்குச் சாதகமானது. அடுக்குகளின் விளிம்புகள் உள்நோக்கிச் சாய்ந்த படிகளாக அமைகின்றன. தென்மேற்கில் அதே அடுக்குகள் வெளிநோக்கிச் சரிந்து, வழுக்கும் ஓடுகளாக நிற்கின்றன. இதைக் கவனித்ததுதான் விம்பரின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். ஆனாலும் மூன்றே நாட்களில், ஜூலை 17 அன்று, ழான்-அந்துவான் கரெல் அந்தக் கடினமான இத்தாலிய முகட்டின் வழியாகவே உச்சியை அடைந்துவிட்டார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இன்னொரு சுவையான செய்தி. மலையின் மேற்பகுதியை அமைக்கும் நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறை, ஆப்பிரிக்கப் பக்கத்துக் கண்டத்தட்டைச் சேர்ந்தது. அதற்குக் கீழே, இரு கண்டங்களுக்கும் இடையே இருந்து மறைந்துபோன கடலின் தரைப்பாறைகள் கிடக்கின்றன. கண்டங்கள் மோதியபோது தெற்கிலிருந்து வந்த தட்டு மேலேறிப் படிந்தது. பிறகு பனியாறுகள் நாலாபுறமும் அரித்து இந்தக் கூம்பைச் செதுக்கின. இம்மலை அசையவும் செய்கிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: நிலத்தின் இயல்பான அதிர்வுகளால், ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடிக்கொண்டே இருக்கிறது, உச்சியில் அந்த அசைவு அடிவாரத்தைவிடப் பதினான்கு மடங்கு வரை அதிகம்.

தென்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கருங்கல் அக்கா, பாறை உதிர்வதைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கோடை வெப்பம் கூடிவருவதால் ஆகஸ்டில் போவது அபாயமா? ஜூலையிலோ செப்டம்பரிலோ போவது நல்லதா?

கருங்கல் எழுதியது:

இந்த உயரத்தில் பாறைப் பிளவுகளுக்குள் இருக்கும் பனிக்கட்டி ஆண்டு முழுவதும் உறைந்தே இருந்து, உடைந்த பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. வெப்பம் ஆழமாக இறங்கி அது இளகும்போது பிணைப்புப் போய்விடுகிறது; உருகிய நீர் பிளவுக்குள் அழுத்தமும் கொடுக்கிறது. 2003-ஆம் ஆண்டின் கடும் வெப்பக் கோடையில், ஜூலை நடுவில், ஹோர்ன்லி முகட்டின் ஒரு பகுதி சரிந்து, மலையில் இருந்த ஏறக்குறைய 90 பேரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. அதன்பின் 2008 முதல் முகட்டில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உணர்கருவிகளைப் பதித்து, பிளவுகள் எவ்வளவு விரிகின்றன என்று தொடர்ந்து அளந்துவருகிறார்கள். 2022 ஜூலையில் வெப்பம் மிகுந்தபோது செர்மாட் வழிகாட்டிகளும் இத்தாலியப் பக்கத்து வழிகாட்டிகளும் இம்மலைக்கு ஆட்களை அழைத்துச் செல்வதையே சில காலம் நிறுத்தினார்கள். அம்மாதம் 25-ஆம் தேதி சுவிட்சர்லாந்துக்கு மேலே வெப்பநிலை சுழியமாகும் உயரம் 5,184 மீட்டருக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த அளவும் முறியடிக்கப்பட்டு 5,298 மீட்டரானது. மாட்டர்ஹார்ன் உச்சியைவிட எண்ணூறு மீட்டர் உயரத்திலும் உறைநிலை இல்லை என்றால் பாறைக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாதத்தைவிட அந்த வாரத்து இரவுகளைப் பாருங்கள். இரவில் நன்றாக உறைந்து, மேகமற்ற வானமாக இருந்தால் ஆகஸ்டும் நல்லதே. ஜூலைத் தொடக்கத்தில் மேற்பகுதியில் பனி மிச்சம் இருக்கும். செப்டம்பரில் பகல் சுருங்கிவிடும்.

சூரிச்வாசி எழுதியது:

பனியைப் பற்றிக் கருங்கல் சொன்னதோடு ஒன்று: ஆகஸ்டிலும் ஓர் இரவு மழை கீழே பெய்தால் மேலே அது புதுப்பனி. பத்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தாலே படிகளெல்லாம் மூடி, வழி காய்வதற்குப் பல நாட்கள் ஆகிவிடும். ஊரில் வெயில் அடிக்கிறதே என்று விடுதிக்குப் போய்ச் சலித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. எனவே செர்மாட்டில் ஒரு நாளை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள்; ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும். அந்த வாரம் உயரத்துக்கு உடலைப் பழக்கவும் உதவும். 4,478 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குக்கும் சற்றுக் குறைவாகிவிடும்.

கேபிள் காரில் ஷ்வார்ட்ஸே வரை போய், அங்கிருந்து இரண்டு மணிநேரம் நடந்தால் விடுதி வரும். 2015-இல் புதுப்பித்துத் திறந்தபோது படுக்கைகளை 170-இலிருந்து 130 ஆகக் குறைத்தார்கள், சுற்றிலும் கூடாரம் போடுவதையும் தடைசெய்தார்கள். முகட்டில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு. அதிகாலையில் செர்மாட் வழிகாட்டிகள் முதலிலும், பிற வழிகாட்டிகள் அடுத்தும், தனியே வந்தவர்கள் கடைசியிலும் கிளம்புவது வழக்கம். விடுதியை விட்டுச் சில நிமிடங்களிலேயே கயிறு பொருத்திய செங்குத்துப் படி ஒன்று வரும். வரிசை இல்லாவிட்டால் அங்கே இருட்டில் என்ன நெரிசலாகும் என்பதை அங்கு நின்றவர்கள் அறிவார்கள். தனிவழி நண்பருக்கு இந்த வழக்கமும் பிடிக்காது என்று ஊகிக்கிறேன்.

தனிவழி எழுதியது:

பிடிக்காதுதான். ஆனாலும் கடைசியில் கிளம்பினால் முன்னால் போகும் விளக்குகளைப் பார்த்தே வழியை அறியலாம் என்ற ஆதாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

பாறைப்பல்லி எழுதியது:

தென்காற்று, உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இப்போதுள்ள நிலையில் எந்த நல்ல வழிகாட்டியும் உங்களை உடனே ஹோர்ன்லிக்கு அழைத்துச் செல்ல மாட்டார். முதலில் உங்களைச் சோதித்துப் பார்ப்பார். செர்மாட்டில் அதற்கு ரிஃபெல்ஹார்ன் என்ற சிறு பாறைச்சிகரம் வெகுகாலமாகப் பயன்படுகிறது. அங்கே நீங்கள் பாறையில் கால் வைக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். பிறகு பொலக்ஸ் சிகரம் அல்லது பிரைட்ஹார்னின் பாறை முகட்டுப் பகுதி. அங்கே உயரமும் பனியும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் நீங்கள் மெதுவாக இருந்தால், பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் மறுத்துவிடுவார்கள். மறுப்பவரைத்தான் நம்ப வேண்டும்.

அதற்கு முன் உங்களுக்கு ஓர் ஆண்டு இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே சுவேபிய மலைப்பகுதியில் சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. எளிய வழிகளை, பாறையில் ஒட்டும் ஏற்றக் காலணி அணியாமல், மலைக்குரிய கனத்த காலணியோடு ஏறுங்கள். ஏறியதைவிட அதிகமாக, கயிற்றில் தொங்காமல் கால்களாலேயே இறங்கிப் பழகுங்கள். கிராம்பன் அணிந்து பாறைமேல் நடக்கவும் பழக வேண்டும். தோள்பட்டைக்கு மேலே பாறையும் பனியும் மாறிமாறி வரும்போது அதைக் கழற்றி மாட்ட நேரம் இருக்காது.

தென்காற்று எழுதியது:

மிக்க நன்றி, பல்லி அண்ணா. கடைசியாக ஒன்று கேட்கிறேன். பாதி வழியில் முடியவில்லை என்றால் சோல்வே குடிலில் தங்கிக்கொள்ளலாமா? அவசரத்துக்கு யாரை அழைப்பது?

மாலைவெயில் எழுதியது:

அதை ஒரு தங்குமிடமாகத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. 4,003 மீட்டரில், பத்துப் பேர் படுக்கும் அளவுக்கு, பெல்ஜியத் தொழிலதிபர் எர்னெஸ்ட் சோல்வே தந்த பொருளுதவியால் கட்டிய மரக்குடில் அது. புயலிலோ காயத்திலோ சிக்கியவர்களுக்கு மட்டுமே உரியது. வழிகாட்டிகளுக்கு அது வேறொரு வகையில் பயன்படுகிறது. விடுதியிலிருந்து இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மணிநேரத்தில் உங்களால் அங்கே வந்துசேர முடியவில்லை என்றால் பெரும்பாலும் அங்கேயே திருப்பிவிடுவார்கள். குடிலுக்குக் கீழேயும் மேலேயும் இருக்கும் இரண்டு மோஸ்லி பாறைப்பலகைகள்தான் நடுப்பகுதியில் கடினமான இடங்கள். அவற்றில் நீங்கள் எப்படி ஏறுகிறீர்கள் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். அப்போது வாதாடாதீர்கள்.

மீட்புப் பணியை அங்கே 1968 முதல் இயங்கிவரும் ஏர் செர்மாட் ஹெலிகாப்டர்கள் செய்கின்றன. சுவிட்சர்லாந்தில் மலைமீட்புச் செலவு அரசின் தலையில் விழாது, மீட்கப்பட்டவரின் பெயருக்கே பட்டியல் வரும். ஜெர்மனியில் உங்களுக்கு இருக்கும் மருத்துவக் காப்பீடு ஹெலிகாப்டரை உள்ளடக்குகிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கங்களில் உறுப்பினரானால் பெரும்பாலும் மீட்புக் காப்பீடும் சேர்ந்தே வரும். வழிகாட்டியைப் பதிவு செய்வதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.